போக்கிடம்

சாமியார்களைப் பற்றிய வாக்குவாதம் மலையகத்தில் எங்கே தொடங்கினாலும் பிரேமானந்தாவில் வந்துதான் நிற்கும். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ் கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்துகிற நேரத்துக்குள் அது முழுதாக நடந்து முடிந்துவிடும். வசனங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஒருவர் “எல்லாம் ஏமாத்து” என்பார். இன்னொருவர், “அவரு கையால துன்னூறு வாங்குன பொறகுதான் எங்க அக்காவுக்குப் புள்ள தங்குச்சு” என்பார். முதலாமவர் தீர்ப்பை எடுத்துப் போடுவார். மற்றவர், இயேசுவையும் தீர்ப்புச் சொல்லித்தானே சிலுவையில் அறைந்தார்கள் என்பார். அதற்குள் டிரைவர் ஹோர்ன் அடித்துவிடுவார்.

இந்த வாக்குவாதத்தில் இரண்டு பேரும் பார்ப்பது சாமியாரை மட்டும்தான். அவர் மெய்யா பொய்யா, சிவராத்திரியன்று வாயிலிருந்து வந்த லிங்கம் சித்தா கைவேலையா, மனிதர் நல்லவரா கெட்டவரா. சீடர் யார், எந்த நிலையில் அவரிடம் வந்து சேர்ந்தார், ஒருநாள் வேண்டாம் என்று தோன்றினால் எந்த ஊருக்கு பஸ் ஏறுவார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. பிரேமானந்தாவின் கதையை அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

1951இல் மாத்தளையில் பிறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கேயே ஆசிரமம் அமைத்தார். வெறுங்கையில் விபூதி வரவழைப்பார், அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்ப்பார். 83 ஜூலையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது அந்த ஆசிரமமும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு அவர் தமிழ்நாட்டுக்குப் போனார். அவரோடு சில பக்தர்களும், வளர்ப்புப் பிள்ளைகளும் போனார்கள். எண்பதுகளின் முடிவில் திருச்சியை அடுத்து, விராலிமலைப் பக்கம் பாத்திமா நகரில் பெரிய ஆசிரமம் எழுந்தது. பூசை மண்டபம், பள்ளிக்கூடம், பிள்ளைகள் விடுதி. ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக்காரப் பக்தர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள். சிலர் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

1994இல் அங்கிருந்து வெளியேறிய பெண்கள் வாயைத் திறந்தார்கள். நவம்பரில் பிரேமானந்தா கைது செய்யப்பட்டார். ஆசிரமத்தில் இருந்த ஓர் இலங்கை இளைஞர் கொல்லப்பட்டு அந்த வளவுக்குள்ளேயே புதைக்கப்பட்டிருந்ததும் வெளியே வந்தது. ஒரு பெண்ணின் கருவை ஐதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அது அவரோடு பொருந்தியது. பிரேமானந்தா தரப்பு இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்து மறுத்துப் பார்த்தது. வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி அவருக்காக வாதாடிப் பார்த்தார். 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை நீதிமன்றத்தில் நீதிபதி பானுமதி தீர்ப்பளித்தார். 13 பெண்களை வல்லுறவு செய்ததற்கும் அந்தக் கொலைக்குமாக இரட்டை ஆயுள் தண்டனை, அறுபத்தேழு லட்ச ரூபாய்க்கு மேல் அபராதம். 2002இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2005இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தன. தண்டனைக் கைதியாகவே 2011 பெப்ரவரியில் இறந்தார். அவருக்கு ஆசிரமத்தில் சமாதி இருக்கிறது, பூசையும் நடக்கிறது.

வழக்கின் சட்ட நுணுக்கங்களைவிட என்னை உறுத்துவது ஒன்று. அந்தப் பெண்களில் பலர் இலங்கையிலிருந்து போனவர்கள், அநாதைகள், அகதிகள். ஜெர்மனியிலிருந்தோ பெல்ஜியத்திலிருந்தோ வந்த பக்தரும் அவர்களும் ஒரே கூரையின் கீழ் ஒரே பஜனையைப் பாடினார்கள், ஒரே மனிதரைச் சுவாமி என்று கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரப் பக்தரின் பையில் கடவுச்சீட்டும் திரும்புவதற்கான விமான டிக்கட்டும் இருந்தன. ஏதாவது பிடிக்கவில்லையென்றால் திருச்சிக்கு டாக்சி எடுத்தால் போதும். அந்தப் பிள்ளைகளுக்கு வெளிக்கதவுக்கு அப்பால் என்ன இருந்தது? அகதி என்ற பதிவு, தெரியாத ஊர், தெரியாத பொலிஸ். சாப்பாடு போடுபவரும், பள்ளிக்கு அனுப்புபவரும், கடவுளின் பெயரைச் சொல்பவரும் ஒரே ஆள். அப்பாவும் அவரே, அரசாங்கமும் அவரே.

ஆக அந்த ஒரு குருவுக்கு இரண்டு வகைச் சீடர்கள். முதல் வகையினரிடம் “அவருடைய தாக்கம் உங்களுக்கு நன்மை செய்ததா?” என்று கேளுங்கள். ஆமாம் என்பார்கள், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. குடியை விட்டிருப்பார்கள், துக்கத்தைத் தாண்டியிருப்பார்கள், அதிகாலையில் எழுந்து உட்காரப் பழகியிருப்பார்கள். நமக்குக் கேட்பதும் அவர்கள் குரல்தான்; எழுதத் தெரிந்தவர்கள், மேடை கிடைத்தவர்கள் அவர்கள். இரண்டாம் வகையினரை யாரும் கேட்பதில்லை. நீதிமன்றக் கூண்டில் ஏறி நின்ற பிறகுதான் அவர்கள் பேச்சு காதில் விழுகிறது.

வட மாகாண முதலமைச்சராக இருந்த சி. வி. விக்னேசுவரனை இந்த இடத்தில் தவிர்க்க முடியாது. இலங்கை உச்ச நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்தவர். பிரேமானந்தாவைத் தன் குருவாக ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டவர். முதலமைச்சராக இருந்த காலத்தில், அதே வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த இலங்கையர்களை விடுவிக்கும்படி இந்தியப் பிரதமர் மோடிக்குக் கடிதம் எழுதினார். படித்தவர்களே இப்படியா என்று அப்போது பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுதும் சாட்சிகளை நிறுத்துப் பார்த்த ஒருவரை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். தன் குருவிடம் தனக்குக் கிடைத்ததை அவர் நம்புகிறார். அந்த அனுபவம் அவருக்கு மெய்யாகவே இருக்கட்டும். ஆனால் அது அவருக்கு மட்டும்தான் சாட்சி. கொழும்பில் வீடும் வக்கீல் நண்பர்களும் உள்ள ஒருவர் ஒரு சுவாமியின் காலில் விழுந்து எழுவதையும், பதினைந்து வயது அநாதை ஒருத்தி அதே காலில் விழுவதையும் ஒரே செயல் என்று ஒரு நீதியரசர் நினைத்ததுதான் எனக்கு விளங்கவில்லை. கல்வி இந்த இடத்தில் துணைக்கு வரவில்லை. படித்த பக்தர் தன் சாட்சியத்தை மற்றவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்; அதை நம்பித்தான் ஏழை வீட்டுக்காரர் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறார்.

இதையெல்லாம் எங்கள் பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்றுப் போன சேர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வேறொரு சுவாமியின் பக்தர், கண்ணியமான மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நீங்க என்ன சொல்ல வாறீங்க மாஸ்டர்? போக்கிடம் இல்லாத ஏழைக்குக் குருவே கூடாதா? குருவும் பணக்காரனுக்குத்தானா?” என்றார். நல்ல கேள்வி. நான் அன்று சொன்ன பதில் அரைகுறை. கொஞ்சம் சுற்றி வந்துதான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஒருவரை நம்பிப் புறப்படுவது புதிதல்ல. தோட்டத்துக்கு ஆள் திரட்டிய பெரியகங்காணியை நம்பித்தான் மலையேறினார்கள். முன்பணம் கொடுத்தவர் அவர், வழிகாட்டியவர் அவர், தொரையிடம் பேசுபவர் அவர், கலியாணத்துக்கும் கருமாதிக்கும் முன்னால் நிற்பவரும் அவரே. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக ‘துண்டு’ வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் ஆளோடு கூடவே நடந்துவரும். அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். பிறகு 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். போகும் இடமும் இருக்கும் இடமும் மற்றவர் கையில் என்பது தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன விஷயம். எண்பதுகளில் ஒரு சுவாமி கடல் தாண்டிக் கூட்டிப்போகிறேன் என்றபோது, எரிந்த மாத்தளையில் நின்ற பிள்ளைகள் எதை வைத்து மறுத்திருப்பார்கள்?

இதற்காக எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் நம்புகிறவர்கள் என்று எடுத்துக்கொண்டால் அது அநியாயம். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தைப் பாருங்கள். லயத்திலும் கோடாங்கி உண்டு. பிள்ளைக்குப் பயந்த கோளாறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்து உடுக்கை அடித்து, சாமி இறங்கி, மாடசாமிக்கு இன்ன குறை, முனிக்கு இன்ன படையல் என்று சொல்வார். அந்த நேரத்தில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. வெற்றிலை பாக்கும் காசும் வாங்கிக்கொண்டு தன் காம்பராவுக்குப் போவார். அங்கே போனதும் அவர் பெண்சாதி அவரை ஏசுவது நாலு காம்பராவுக்குக் கேட்கும். இடையில் உள்ள சுவர் கூரைவரை எட்டாத அரைச் சுவர். குடும்பத்தின் எந்த இரகசியமும் அதைத் தாண்டாமல் நிற்காது. கோடாங்கி போன மாதம் யாரிடம் கடன் வாங்கினார், எத்தனை நாள் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டுக்கு வரவில்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவரை யாரும் கடவுளாக்க முடியாது. அரைச் சுவர் விடாது.

காமன் கூத்து வாத்தியாரை இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். மாசியில் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டியதும் தோட்டத்துப் பையன்கள் அவர் கைக்குள் வந்துவிடுவார்கள். கவிச்சி கூடாது, குடி கூடாது, வீட்டில் தனியாகப் படுக்க வேண்டும். ரதியாகவும் மன்மதனாகவும் ஆடுகிற பையன்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். அடவு தப்பினால் வாத்தியார் கையில் இருக்கும் குச்சி காலில் விழும். பையனின் அப்பா பக்கத்தில் நின்றாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த நாட்களில் அவர் வாக்குத்தான் சட்டம். சொன்ன சொல் கேளாத முரட்டுப் பையன் ஒருவன் அவர் முன்னால் தலை குனிந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். மூன்று தவணையும் பாடசாலையில் நாங்கள் செய்ய முடியாததை அவர் அந்தக் கொஞ்ச நாளில் செய்துவிடுகிறார். காமன் தகனம் முடியும், காப்பு அவிழும். மறுநாள் காலை பிரட்டுக் களத்தில் அதே வாத்தியாரைக் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் ஏசுவார். நேற்றுவரை அவர் முன்னால் நடுங்கிய பையன் பக்கத்தில் நின்று சிரிப்பான். வாத்தியாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த மாசிக்கு இருவரும் திரும்பப் பழைய இடத்துக்குப் போவார்கள்.

சேருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். ஏழைக்குக் குரு உண்டு, ஏற்கெனவே இருக்கிறார். கட்டிய காப்பை அவிழ்க்கிற நாளும், எட்டிப் பார்க்க அரைச் சுவரும் இருந்தால் அவர் கண்டிப்பானவராக இருப்பதுகூட நல்லதே.

ஞானம் வேறு, கூத்து வேறு, சரணாகதிக்குத் தவணை கிடையாது என்று சேர் சொல்வார். சொன்னார். பெரிய மரபு அவர் பக்கம் நிற்கிறது, தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த மரபின் தலைமகனையே எடுத்துக்கொள்வோம். மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கக் கொண்டுபோன அரச பணத்தோடு திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவின் காலில் விழுகிறார். பதவியும் பணமும் படிப்பும் அவர் கையில் இருந்தன. அவற்றைத்தான் அவர் விட்டார். விடுவதற்கு ஏதோ ஒன்று கையில் இருப்பவரே சரணடைய முடியும். அநாதைச் சிறுமிக்கு எதை விடச் சொல்கிறோம்? இன்னொன்று, அந்தக் கதையில் குரு கூடவே இருந்து ஆசிரமம் நடத்தவில்லை. போய்விடுகிறார். சீடர்தான் தலம் தலமாக அலைந்து தில்லைக்குப் போய்ச் சேர்கிறார். திருவாசகத்தின் அழுகையில் பெரும்பங்கு, விட்டுப் போன குருவை எண்ணி அழுகிற அழுகை.

யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளும் இந்த வழியில் வந்தவர்தான். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியக் காப்பாளராக வேலை பார்த்தவர். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியிடம் போனவர். செல்லப்பர் பார்வைக்குப் பைத்தியக்காரர், கிட்ட வருபவர்களை ஏசி விரட்டுபவர். யோகரையும் கடைசியில் தன்னிடமிருந்து போகச் சொன்னார் என்பார்கள். யோகர் பின்பு கொழும்புத்துறையில் ஒரு குடிலில் இருந்தார். அமைச்சர்களும் நீதிபதிகளும் வந்தார்கள், ஏச்சும் வாங்கினார்கள். மாலையில் எல்லாரும் எழுந்து தங்கள் வீட்டுக்குப் போனார்கள். சிவதொண்டன் என்ற இதழும் நிலையமும் அவர் பெயரால் உண்டு. 1964இல் அவர் மறைந்தபின் பீடத்தில் உட்கார யாரையும் அவர் ஏற்பாடு செய்துவிட்டுப் போகவில்லை. ஏசுகிற சாமியெல்லாம் நல்ல சாமி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அதையும் ஒரு வேடமாகப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு அடுத்த ஊரான நாவலப்பிட்டியிலிருந்து 1948 முதல் ‘ஆத்மஜோதி’ என்ற ஆன்மிக மாத இதழ் வந்தது. அதன் ஆசிரியர் நா. முத்தையா ஈழத்துச் சித்தர்களின் வரலாறுகளைத் தேடித் திரட்டியவர். குயின்ஸ்பெரி தோட்டத்து நவநாத சித்தர்வரை அந்த வரிசை வருகிறது. அவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு கூரைகூட இல்லை. மரத்தடி, தேரடி, தெருத் திண்ணை. தங்கவே இடமில்லாதவரிடம் யாரையும் பூட்டி வைக்க இடம் ஏது? பிற்காலத்து நிலைமை வேறு. நுவரெலியாவில் முருகேசு சுவாமிகள் காயத்ரி பீடம் அமைத்து, காயத்ரியைச் சாதி பாராமல் எல்லாருக்கும் கொடுத்தார். அதன் பெறுமதியைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டால்தான் தெரியும். சாயி பஜனை வியாழன் மாலைகளில் லயங்களுக்குள் வந்து, குடித்துவிட்டு அடிக்கிற அப்பன்மார் சிலரையாவது தாளம் போட உட்கார வைத்தது. பெந்தெகொஸ்தே சபைகளும் அதைச் செய்கின்றன. இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளுகிறவர்கள் ஒரு சனிக்கிழமை இரவு, சம்பளம் போட்ட கையோடு, லயத்தில் வந்து தங்கிப் பார்க்க வேண்டும்.

பஜனைக்கு வந்தவர் வீட்டுக்குப் போகிறார், சபைக்கு வந்தவரும் போகிறார். எனக்குக் கவலை, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிற இல்லங்களைப் பற்றியது. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார், அப்பா கொழும்பில் கடையில் நிற்பார், பிள்ளை பாட்டியிடம். பாட்டிக்கு முடியாமல் போகும்போது யாராவது ஒரு சுவாமியோ பாஸ்டரோ நடத்துகிற இல்லத்தின் பெயர் காதில் விழும். சாப்பாடு இலவசம், படிப்பு இலவசம், பக்தியும் சேர்ந்து வரும். பெரும்பாலானவை ஒழுங்காகவே நடக்கின்றன, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். பாத்திமா நகருக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களும் அதைத்தான் நம்பினார்கள்.

அப்படி ஓர் இல்லத்தின் விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி மேல் டிவிசனிலிருந்து ஒரு பாட்டி வந்தார். பேத்திக்கு ஒன்பது வயது. மழையில் நனையாமல் சீட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி, ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரே தாள், இரண்டு பக்கம். பிள்ளையின் பெயர், பிறப்புச் சான்றிதழ் இலக்கம், தாய் தகப்பன் விபரம், நோய் உண்டா. கீழே, பிள்ளையின் முழுப் பொறுப்பையும் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறேன் என்று அச்சடித்த வரி, அதன் கீழ் கைநாட்டுக்கோ கையெழுத்துக்கோ கோடு. பிள்ளை வீட்டுக்கு எப்போது வரும், யார் வந்து பார்க்கலாம், நினைத்தபோது போனில் பேசலாமா என்பதற்கு எந்தக் கட்டமும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டு, கோட்டுக்கு மேலே இருந்த சிறிய இடத்தில் நானே எழுதினேன்: ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் பிள்ளை பாட்டியிடம் அனுப்பப்பட வேண்டும், வாரம் ஒருமுறை தனியாகத் தொலைபேசியில் பேச அனுமதிக்க வேண்டும்.

வாசித்துக் காட்டினேன். பாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அத அடிச்சுருங்க மாஸ்டர்” என்றார். “ஏன் பாட்டி?”

“இப்பவே கண்டிசன் போடுறாங்கன்னு புள்ளைய எடுக்க மாட்டாங்க. போன வருசம் கீழ் லயத்துப் புள்ளையத் திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க அடிச்சுருங்க, லீவுக்கு நானே போயிக் கேட்டுக்கிறேன்.”